மலைவழியில் முதல் நாள்

மலையேற விரும்புவார்க்கு வழிகாட்டி ஒருவன் வேண்டும் என்பதனை மறுப்பார் இலர். ஆயினும், அவ்வழிகாட்டி முதல் நாளில் எதனை முற்படச் சொல்லல் வேண்டும், எதனை மறைத்தல் ஆகாது என்னும் வினாக்களை எழுப்பி ஆராய்ந்தார் சிலரே. இவற்றிற்கு விடை தேடியபோது என் உள்ளம் இரண்டு இடங்களை நாடிற்று. ஒன்று, இமயத்தின்கண் கார்வால் நாட்டில், பூக்களின் பள்ளத்தாக்கு எனப் பெயர் பெற்ற பியூண்டார்ப் பள்ளத்தாக்கு. மற்றொன்று, எம் பாப்பாரப்பட்டிக்குக் கிழக்கே, தென்பெண்ணைக்கு அப்பால், சவ்வாது மலையைச் சார்ந்து கிடக்கும் செங்கத்து நாடு. முன்னதற்கு இக்காலத்து வழிநூல்கள் பல உள. பின்னதற்குரிய வழிநூல் மலைபடுகடாம்.

நடைப்பயணம் என்ற அளவில் எம்மூரார்க்கு முதற்கண் நினைவுக்கு வருபவர் சுப்பிரமணிய சிவா ஆவர். தொழுநோய் காரணமாகப் புகைவண்டியில் ஏறலாகாது என அரசாங்கம் தடுத்தமையால் ஊர்தோறும் நடந்தே சென்றவர் அவர். 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள் அவர் உயிர் நீத்தது எம்மூரிலேதான். அவர் வரலாறு தனியே எழுதற்குரியது. ஈண்டு எடுத்துக்கொண்டது மலைவழியே.

ஆற்றுப்படை என்பது யாதென்று தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் அறிவர். ஏனைய நண்பர் பொருட்டுச் சுருங்கக் கூறுவேன். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற செல்வத்தையும் எடுத்துரைத்து, நீயும் ஆங்குச் செல்க என்று நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் இவ்வகைப் பாட்டுக்கள் ஐந்து உள்ளன. அவற்றுள் கூத்தரை ஆற்றுப்படுத்துவது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சி ஒன்றே இதனினும் நீண்டது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன். அச்செங்கண்மாவே இன்று செங்கம் என வழங்குகின்றது. 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டமையால் இவ்வழிநூல் அச்சேறி நம் கைக்கு வந்தது.

ஆற்றுப்படையில் வழி கூறும் பகுதி வள்ளலின் புகழுக்கு ஓர் அணியே அன்றி வேறன்று என்பார் உளர். நன்னன் மலை வளமுடையது என்று காட்டவே பாம்பும் யானையும் முதலையும் கூறப்பட்டன என்பது அவர் கருத்து. ஏனை ஆற்றுப்படைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மலைபடுகடாத்திற்கு அஃது எவ்வாற்றானும் பொருந்தாது என்பது என் துணிபு. புகழ்தலே நோக்கமாயின், கேட்போன் அஞ்சிப் பின்வாங்கத்தக்க செய்திகளைப் புலவர் அடுக்கிக் கூறியிருக்கமாட்டார். கூறினும், அவற்றினின்று தப்பும் வகையை ஒவ்வொன்றற்கும் தனித்தனியே சொல்லியிருக்கமாட்டார். இவ்வுண்மை நன்கு விளங்குதற்கு, மெய்யாகவே மக்கள் நடக்கும் மலைவழி ஒன்றின் முதல் நாளை முதலிற் காண்போம்.

பியூண்டார்ப் பள்ளத்தாக்கிற்குச் செல்வார், பதரிக்குச் செல்லும் பெருவழியில் அலக்நந்தை ஆற்றங்கரையிலுள்ள கோவிந்தகாட் என்னும் இடத்தில் வண்டியை விட்டு இறங்குவர். திருமங்கையாழ்வார் பாடிய வதரி இப்பதரியே. ஆழ்வார் பாடிய திருப்பிரிதி இவ்வழியிலுள்ள ஜோஷிமடமே என்பது வைணவர் கொள்கை. ஆதலின் தமிழர்க்கு இவ்வழி முற்றும் புதிதன்று. கோவிந்தகாட்டின் உயரம் ஏறத்தாழ 6,000 அடி. அன்று மாலை சென்று தங்கும் காங்கரியாவின் உயரம் ஏறத்தாழ 10,000 அடி. ஒரே பகலில் 4,000 அடி ஏறவேண்டும். முற்காலத்தில் முழுவழியும் நடையே. இப்பொழுது புல்னா என்னும் சிற்றூர் வரை 4 கிலோமீட்டர் வண்டி செல்லும். எஞ்சிய ஏறத்தாழ 10 கிலோமீட்டரை நடந்தோ, கோவேறு கழுதை மீதோ, சுமப்போர் முதுகிற் கட்டிய கூடையில் அமர்ந்தோ கடக்கின்றனர். ஏமகுண்டம் என்னும் ஏரிக்கரையிலுள்ள தம் திருக்கோயிலுக்குச் செல்லும் சீக்கியரும் இதே வழியிற் செல்வதால், வேனில் முடிந்து மழை தொடங்கும் காலத்தில் இவ்வழி திருவிழாத் தெருப்போல நெரிசலாக இருக்கும். ஆறு ஒருபுறம் முழங்கிக்கொண்டே உடன் வரும். இடையே பியூண்டார் என்னும் ஊர். அவ்வூரார் குளிர்காலத்திற் புல்னாவுக்கு இறங்கி வாழ்ந்து, வேனிலில் மீண்டும் மேலே செல்வர். அதனைக் கடந்து பாலத்தால் ஆற்றைத் தாண்டிய பின்னர்தான் ஏற்றம் உண்மையில் தொடங்கும். தேவதாரு முதலிய மரங்கள் அடர்ந்த காட்டினூடே வளைந்து வளைந்து ஏறும் அப்பகுதியில் காலைக்காட்டிலும் மூச்சே முதலில் தளரும்.

இம்முதல் நாளில் நல்ல வழிகாட்டி செய்யும் தலையாய தொழில், உடன் வருவாரை விரைந்து நடவாமல் தடுப்பதே. சமவெளியினின்று வந்த இளைஞர் காலைப்பொழுதின் தண்மையில் ஓடியும் பாய்ந்தும் முன்செல்ல விரும்புவர். வழிகாட்டியோ உலாவச் செல்வான்போல மெல்ல நடப்பான். காரணம் இது. 10,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலிருப்பதில் பத்தில் ஏழு பங்கே. ஏறத்தாழ 8,000 அடிக்கு மேற் சென்றவர் பலர்க்குத் தலைநோவு, குமட்டல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை என்பன தோன்றும். உடல் அக்காற்றிற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். பழகாத உடலோடு மேலும் ஏறின், நுரையீரலிலும் மூளையிலும் நீர் தேங்கி உயிர்க்கே இறுதி நேரலாம். இந்நோய் உடல் வலியுடையாரை விட்டுவிடுவதில்லை. அன்னார் தம் வலிமையை நம்பி விரைந்து ஏறுவதால் அவர்க்கே தீங்கு மிகுதியாதலும் உண்டு. 10,000 அடிக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 1,500 அடிக்கு மிகாமல் உயர்த்துக என்பது பொதுவிதி. முதல் நாளின் 4,000 அடி பெரிதாகலின், முன்னிரவை ஜோஷிமடத்திற் கழித்து வருமாறு செய்தல் நன்று. தலைநோவு மிகின் மருந்து தேடுவதன் முன் கீழே இறங்குக என்பதே அறிந்தோர் முதலிற் கூறுவது.

இனி மலைபடுகடாத்திற்கு வருவோம். கூத்தர் கூட்டம் தனி மனிதர் கூட்டம் அன்று. முழவும் யாழும் பிறவும் அடங்கிய பைகளைச் சுமந்த ஆடவரும், மலைவழி நடந்து பழகாத மெல்லடி விறலியரும், சிறு பிள்ளைகளும் அதன்கண் உளர். வழி கூறுவோன் இதனை ஒருபோதும் மறந்தானில்லை. மலையிற் புகுந்தவர் வேட்டுவர், குறவர் குடியிருப்புக்களிற் சென்று நன்னனை நாடிவரும் கூத்தர் எனத் தம்மை அறிவித்தால், சொந்த வீடுபோல உட்புகலாம் என்றும், தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும் என்றும் முதலிற் கூறுகின்றான். அவர்கள் தரும் தேறலைப் பற்றியும் கூறுகின்றான். அதனை இவ்விதழில் விரித்தல் வேண்டா. ஆனால் மறுநாள் விடியலில் அம்மயக்கம் தீரப் புளிங்கூழ் போன்றதோர் உணவைக் குறமகளிர் ஆக்கித் தருவர் என்று வரும் பகுதி சுவையுடையது. இவ்விடத்தில் மட்டும் இமயத்து வழிகாட்டி நம் புலவரோடு உடன்படான். முதலிரவில் மதுவருந்துதல் மலைநோயை மிகுவிக்கும் என்று அவன் கடிந்து தடுப்பான்.

பின்னர் வருவதே என்னை வியப்பில் ஆழ்த்திய பகுதி. அவ்விருந்தோம்பலிற் பல நாள் தங்கிவிடாதீர் என்று வழிகூறுவோன் எச்சரிக்கின்றான். மலைநாட்டின் தன்மை வேறு. அங்குள்ள குவளை மலரைத் தீண்டினும், மலையில் உறையும் தெய்வமகளிர் இருக்கையைக் காணினும், உயிர் போவதுபோல உடல் கொதித்து நடுக்கம் உண்டாகும். ஆதலின் தாழ்ந்த நிலத்தை நோக்கிச் செல்க என்பது அவன் கூற்றின் கருத்து. பூக்களின் பள்ளத்தாக்கிலும் இதே நம்பிக்கை இருந்தது. அங்கே தெய்வமகளிர் வாழ்கின்றனர் என்றும், நெடுநேரம் தங்குவாரைக் கவர்ந்து செல்வர் என்றும் சுற்றுப்புறத்தார் அஞ்சினர். மலைக்காற்றாலும் மலைக்காய்ச்சலாலும் மெய்யாகவே உண்டான நோய்களைக் கண்ட முன்னோர், காரணம் அறியாது அவற்றைப் பூவின்மீதும் தெய்வத்தின்மீதும் ஏற்றினர் என்று கொள்ளலாமோ? திட்டமாகக் கூற எனக்குத் துணிவில்லை. செங்கத்து மலைகள் மூச்சுத் திணறும் உயரத்தன அல்ல. காய்ச்சல் என்று கொள்ளின் ஓரளவு பொருந்தும். காரணம் எதுவாயினும், விதிமட்டும் ஈரிடத்தும் ஒன்றே: தங்காதே, தொடாதே, இறங்கிப் போ. இன்று அரசாங்கமும் அவ்விதியையே வேறு காரணம் பற்றி இட்டிருக்கின்றது. 1982-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 2005-இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்ற அப்பள்ளத்தாக்கில் இரவு தங்குதல் கூடாது. பகலிற் சென்று மாலைக்குள் காங்கரியாவுக்கு மீளவேண்டும்.

அவ்விடத்தைப் புறவுலகிற்கு அறிவித்தவர் பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர். 1931-இல் 25,000 அடிக்கு மேற்பட்ட காமெட் கொடுமுடியை ஏறி மீளும்போது கணவாய் ஒன்றைக் கடந்து அப்பள்ளத்தாக்கில் இறங்கியவர், 1937-இல் மீண்டும் சென்று பூக்களை ஆராய்ந்து, 1938-இல் நூல் எழுதினார். மறு ஆண்டில், செடிகளைத் திரட்ட இங்கிலாந்திலிருந்து வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் மாது, பாறைச் சரிவில் மலர் பறிக்கையிற் கால் வழுவி வீழ்ந்து உயிர் நீத்தார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது. அதன்மேல் 121-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அச்சங்கீதம் எருசலேமுக்கு மலையேறிச் சென்ற யாத்திரிகர் பாடியது. கால் தள்ளாடாமையைப் பற்றியும் அதிற் சொல்லப்படுகின்றது. கால் வழுவி இறந்தார் ஒருவருடைய கல்லறைக்கு அச்சங்கீதம் அமைந்தமையை எண்ணுழி என் நெஞ்சம் கனக்கின்றது.

கால் வழுவுதலைப் பற்றி மலைபடுகடாம் கூறுவனவற்றைக் காண்க. குடியிருப்பை விட்டு நீங்கிய விடியல் தொடங்கி, கற்குகையில் தங்கும் இரவு வரையுள்ள ஒரு பகலைப் புலவர் ஏறத்தாழ 60 அடிகளில் அமைத்துள்ளார். இதனையே யான் இக்கட்டுரைக்கு முதல் நாள் எனக் கொண்டேன். மக்கள் துணையின்றி மலையில் நடக்கும் முதற்பகல் அதுவே. அப்பகலில் நேரும் இடர் ஒவ்வொன்றும் அதற்குரிய காப்போடு கூறப்படுகின்றது. பன்றிகளைக் கொல்லக் குறவர் வழியில் வைத்த கற்பொறிகள் உள. ஆதலின் இருளிற் புறப்படாது நன்கு விடிந்தபின் செல்க. பரற்கல் நிலத்தின் வெடிப்புக்களிற் பாம்புகள் ஒடுங்கிக் கிடக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு சற்றே விலகிச் செல்க. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். அக்கல் மூங்கில்களில் மோதித் தெறித்துக் கூற்றுவன்போல வரும். மரங்களை மறைவாகக் கொண்டு செல்க. முதலை உறையும் ஆழ்ந்த காட்டாற்றங்கரையில் வழி சறுக்கும். பருத்த கொடிகளைப் பற்றுக்கோடாகப் பிடித்து, பிள்ளைகளை உடன்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துச் செல்க. வீழ்ந்தாரை விழுங்கும் சுனையருகே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி படர்ந்திருக்கும். மூங்கிற்கோலும் நாணற்கோலும் கையிற் கொண்டு ஊன்றிச் செல்க.

இவற்றுள் வெற்றுப் புனைவு எது என்று கேட்கின்றேன். கோல் ஊன்றுதல் இன்று இமயத்தில் ஒவ்வொரு நடையரும் செய்வது. நீரோடைகளைக் கடக்கையில் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் செல்லுமாறு வழிகாட்டிகள் பணிப்பதும் அதுவே. கற்கள் உருண்டு வரும் சரிவுகளில் நில்லாது, மறைவான இடம் நோக்கி ஒவ்வொருவராகக் கடத்தலும் அதுவே. கவண்கல்லுக்குப் பதிலாக மலையே அங்குக் கல்லெறிகின்றது.

இவை எல்லாவற்றினும் நுட்பமானது மற்றொன்று. மயில் ஆடினும், கடுவன் குரங்கு கழைக்கூத்தாடிபோல மூங்கிலினின்று தாவினும், எட்டாத உயரத்தில் தேனிறால் தொங்கினும், அவற்றைச் சட்டென நிமிர்ந்து பார்க்க வேண்டா; வரிசையாக நடக்கும் உங்கள் அடிகள் வழி பிறழும் என்கின்றான். மலையழகை வாயாரப் புகழும் ஒரு பாட்டில், அழகை நோக்காதே என்னும் ஆணை வருகின்றது! அழகுக்காகவே இவ்வழி கூறப்பட்டதாயின் இவ்வாணைக்கு இடமேது? நின்று பார், அல்லது நட. நடந்துகொண்டே பாராதே என்பது மலைவாணர் யாவரும் அறிந்த விதி. கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தவாறே பின்னோக்கி நடக்கும் இக்காலத்து இளைஞர் பொருட்டே இவ்வடிகள் எழுதப்பட்டன போலும்.

பருவதமலைக்குப் பன்முறை சென்று மீண்ட முதியவர் ஒருவர் எம்மூரில் இருக்கின்றார். போளூரை அடுத்துள்ள இப்பருவதமலையே பாட்டில் வரும் நவிரமலை என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள அதன் உச்சியில் சிவன் கோயில் உண்டு. உச்சியை நெருங்குமிடத்துப் பாறையில் அடித்த இரும்பு முளைகளையும் சங்கிலிகளையும் பற்றியே ஏறவேண்டும். முழுமதி இரவில் கூட்டம் மிகுதி. அம்முதியவரிடம் மேற்கூறிய பகுதியின் பொருளைச் சொல்லி, இது மெய்யோ என வினவினேன். அவர் நகைத்து, "தம்பி, பாத்துக்கிட்டே நடக்கறவனும் பேசிக்கிட்டே நடக்கறவனும்தான் மொதல்ல உழுவாங்க. கூட்டிக்கிட்டுப் போறவன் அவங்க ரெண்டு பேரையும் தனக்குப் பின்னாலேயே வச்சுக்கணும்" என்றார். நச்சினார்க்கினியர் உரையிற் காணாத விளக்கம் இது. உச்சியை அடையும் ஆர்வத்தால் முதல் பாதியிலேயே தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடுவார் பலர் என்றும் அவர் சொன்னார். பாட்டிலும், பசிய சுனையின் தெளிந்த நீரை இளைப்பாறிப் பருகுமாறும், உண்டு எஞ்சிய இறைச்சியைப் பொதிந்து எடுத்துக்கொள்ளுமாறும் கூறப்படுகின்றது.

மாலை நெருங்குகையில் வழிகூறுவோன் சொல்வது, இரவில் நடவாதே, கற்குகையைச் சொந்த வீடாகக் கருதித் தங்கு, விடிந்தபின் செந்நெறியைப் பற்று என்பது. இதற்கு இயைய, இமயத்திலும் பிற்பகலுக்குள் தங்குமிடம் சேர்தல் கட்டாயம். பிற்பகலில் மேகம் இறங்கும். மழை பெய்யின் ஓடைகள் பெருகும். 2013-ஆம் ஆண்டு சூன் திங்களில் கார்வாலிற் பெய்த பெருமழையில் பியூண்டார் ஆறு கரை புரண்டு, ஊரையும் பாலங்களையும் வழியையும் அழித்தது. இன்று நடக்கும் வழியின் ஒரு பகுதி அதன்பின் புதிதாக அமைக்கப்பெற்றது. பழைய நூல்களை மட்டும் நம்பிச் செல்வார் ஆற்றின் வேறு கரையில் வழி தேடித் தவிப்பர். வழி மாறும், அதனை ஆண்டுதோறும் நடந்து அறிந்தவனே வழிகாட்டியாதற்கு உரியன்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் உடன் வருவதில்லையே. அவன் பரிசிலோடு தன் ஊர் நோக்கிச் செல்கின்றான். பின் அவனை வழிகாட்டி என்பது எங்ஙனம்? இவ்வையத்தைப் புலவரே நீக்குகின்றார். குறவரும் திசை மயங்கும் குன்றத்தில் வழி தவறினால் அலையாதீர்; அகன்ற பாறையின்மேல் அனைவீரும் ஒருங்கு கூடி உங்கள் இசைக்கருவிகளை ஒலிப்பியுங்கள்; நீர்த்துறையிற் கால் வழுவி வெள்ளத்தில் இழுக்கப்பட்டார் கூக்குரல் கேட்டு ஓடி வருவார்போலக் காடு காக்கும் கானவர் விரைந்து வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடர் நிறைந்த வழியில் உங்கட்கு முன்னே நடப்பர் என்கின்றான். அலையாதே, ஒன்றுகூடு, உயரமான வெளியில் நில், ஓசை எழுப்பு என்னும் இந்நான்கையும் இன்றைய மலையேற்றப் பள்ளிகளும் கற்பிக்கின்றன. எவரெசுட்டின் உச்சியை 1953-இல் முதன்முதல் எட்டிய இருவருள் ஒருவராகிய டென்சிங் நார்கே, மறு ஆண்டில் டார்ஜிலிங்கில் நிறுவப்பெற்ற மலையேற்றக் கழகத்திற் களப்பயிற்சித் தலைவராக அமர்ந்து இத்தகைய பாடங்களையே கற்பித்து வந்தார். அவரும் ஒரு கானவரே. பிறர்க்குச் சுமை சுமந்து மலை அறிந்தவர்.

சொல்பவன் ஒருவன், முன் நடப்பவன் மற்றொருவன் என்று புலவர் இருவராகப் பிரித்தமை கருதத்தக்கது. வெளியூரான் எவ்வளவு தெளிவாக வழி கூறினும், இடரான இடத்தில் அம்மண்ணில் வாழ்பவனே முன் செல்ல வேண்டும். நம் நாட்டில் இது மறக்கப்பட்டதன் விளைவைக் குரங்கணியிற் கண்டோம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத் தீ வளைத்தது. உலர்ந்த புல் நிறைந்த சரிவு அது. காற்றும் பலமாக வீசிற்று. நாட்டின் நகரங்களிலிருந்து சென்ற ஆடவரும் மகளிருமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் நம் போன்ற இளைஞர். மூங்கில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து காடு தீப்பற்றுதலைப் பெருங்கௌசிகனாரும் இம்முதற்பகலிலேயே குறிக்கின்றார். வேனிலில் மலை எரியும் என்பது அவர் காலத்துக் கூத்தர்க்கும் தெரிந்த செய்தி. மேல்நோக்கி வீசும் காற்றில் தீ சரிவின்மேல் விரைந்து ஏறும் என்பதனையும், புல் எரிந்து கருகிய நிலமோ வெறும் பாறையோ மட்டுமே புகலிடம் என்பதனையும் அம்மலையில் மாடு மேய்ப்பார் அறிவர். அகன்ற பாறைமேல் கூடுக என்ற பழைய சொல்லை இந்நிகழ்ச்சிக்குப் பின் படிக்குந்தோறும் என்னால் அதனை இலக்கியமாக மட்டும் படித்தல் இயலவில்லை.

அதன்பின் தமிழ்நாட்டரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையினர் 40 வழிகளைத் தெரிந்து, முன்பதிவு செய்தாரை மட்டும் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினர். காட்டையடுத்த ஊர்களிலும் பழங்குடியினர் குடியிருப்புக்களிலும் வாழும் இளைஞரே பயிற்சி பெற்று அவற்றில் வழிகாட்டிகளாக அமர்ந்துள்ளனர். வேனிலில் தீக்கு அஞ்சி வழிகளை மூடுகின்றனர். மூடுகின்ற காலத்தில் நண்பர் சிலர் முணுமுணுத்தலைக் கேட்டிருக்கின்றேன். அவர் குரங்கணியை நினைப்பாராக.

மலையை விட்டு இறங்குமிடத்துச் செய்தி ஒன்றைமட்டும் கூறி அமைவேன். மலைவழியின் முடிவில், இறந்துபட்ட வீரர் பெயர் பொறித்த நடுகற்கள் மிகுதியாக உள்ளன என்றும், அவற்றை யாழிசைத்து வணங்கி விரைந்து கடக்குமாறும் வழிகூறுவோன் சொல்கின்றான். செங்கத்துச் சுற்றுப்புறங்களிற் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் பல பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்தவை. எம் தருமபுரி அருங்காட்சியகத்திலும் இவ்வட்டாரத்து நடுகற்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. பாட்டு வெறும் கற்பனையன்று என்பதற்கு நிலத்தினின்று எழுந்த சான்றுகள் இவை. அவற்றை அடுத்து, பல வழிகள் கூடும் சந்தியில், செல்லும் வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்க என்று ஒரு செய்தி வருகின்றது. பின்னே புதியராக வருவார் வழி மயங்காமைப் பொருட்டு அவ்வாறு செய்தல் வேண்டுமாம். இமயத்திற் கற்களைக் குவித்து வைத்தலும் இதன் பொருட்டே. வழி கேட்டுச் சென்றவன் ஒரு பகலுக்குள் பிறர்க்கு வழி காட்டுபவன் ஆகிவிடுகின்றான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் கருவே இப்புல்முடிச்சில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது.

மலையிழிந்த பின் கோவலர் தரும் பால், எயினர் காக்கும் முல்லைக்காடு, சேயாற்றங்கரை வழி, நன்னன் மூதூர் என விரியும் எஞ்சிய பகுதிகள் வேறு நிலத்தன. இதழாசிரியர் இடம் தருவரேல் அவற்றை அடுத்த ஆண்டு எழுதுவேன்.